காற்றுக்கும் மீட்டர்

மார்ச் 4

தங்கைக்கு,

1. இக்கடிதத்தை எழுதும் நான் உன் அண்ணன். உரிமையியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். அப்பா சென்ற மாதம் வரை என் வீட்டில், என் பொறுப்பில் இருந்தார்.

2. நீ அவருடைய மகள். மின் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். அப்பா இப்போது உன் வீட்டில், உன் பொறுப்பில் இருக்கிறார்.

3. இவ்விரண்டிலும் நமக்குள் தகராறு இல்லை என்று கொள்கிறேன்.

தகராறு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்சுகள் கேட்கும்படி நீ சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றியது. "அப்பா விடுற மூச்சுக்கு மீட்டர் போட்டவன் நீ" என்றாய். போனில் பேசினால் நான் வாதாடுவேன், நீ கத்துவாய், ஆகவே எழுது என்றும் சொன்னாய். எழுதுகிறேன்.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். அப்பாவின் நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் மெஷின் தினம் பதினைந்து மணி நேரம் ஓட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதை நிறுத்தும்படி நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. உன் அண்ணியும் சொன்னதில்லை. பகலில், நாங்கள் இருவரும் வெளியே இருக்கும் பொழுதுகளில், அவராகவே சுவிட்சை அணைத்து வந்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. உன் அண்ணி கடைக்குப் போய்த் திரும்பிய அன்று அவர் குளியலறை வாசலில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதன் பிறகு நடந்தது நீ அறிந்ததே.

அட்டவணையைப் பற்றி: ஜனவரியில் மின் கணக்கு வழக்கத்தைவிட வெகுவாக ஏறியது. காரணம் அறிய, சுவர்ச் சாக்கெட்டில் சொருகி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் இருந்த ஒவ்வொரு கருவியையும் ஒரு நாள் அதில் மாட்டிப் பார்த்தேன். 'சக்தி' என்று தலைப்பிட்டு விவரத்தை எழுதி ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். டிவி 0.4, வாஷிங் மெஷின் 0.6, ஃப்ரிட்ஜ் 1.5, ஆக்ஸிஜன் மெஷின் 350. அவ்வளவுதான். அதில் எவருடைய பெயரும் இல்லை. எவரையும் எதையும் செய்யவோ தவிர்க்கவோ அது கோரவில்லை. எண்களுக்கு உள்நோக்கம் கிடையாது.

அப்பாவின் அறை அப்படியே இருக்கிறது. அவரை எப்போது திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவும்.

அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

எண் போட்டு எழுதியிருக்கிறாய். நானும் பதில் மனு தாக்கல் செய்கிறேன், வாங்கிக்கொள்.

உன் சின்ன மீட்டரில் ஒரு பொத்தான் இருக்கும். மற்றவற்றுக்கு எப்படியோ அழுத்தியிருக்கிறாய், அப்பாவின் மெஷினுக்கு அழுத்தினாயா? அழுத்தாமல் பார்த்தால், கருவி அந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். அது வாட். அழுத்தினால், மாட்டியதிலிருந்து மொத்தம் எவ்வளவு குடித்தது என்று காட்டும். அதுதான் யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜுக்கு நீ எழுதிய ஒன்றரை, ஒரு நாள் முழுக்கக் குடித்த யூனிட். அப்பாவின் மெஷினுக்கு எழுதிய முந்நூற்று ஐம்பது, அந்த நொடியின் வாட். ஒருத்தன் நடந்து கடந்த தூரத்தையும் இன்னொருத்தன் நடக்கும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இவன்தான் பெரிய ஆள் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறாய். நம் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல், சக்தி. நீயும் அதைத் தலைப்பாகப் போட்டுத் தப்பித்துவிட்டாய்.

சரியான கணக்கு இதோ. முந்நூற்று ஐம்பது வாட், பதினைந்து மணி நேரம். ஐந்தே கால் யூனிட். ஃப்ரிட்ஜைப் போல மூன்றரை மடங்கு. சின்னது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் சுவரில் அது இருநூறு மடங்குக்கு மேல்.

இப்போது என் வீட்டுக் கதை. அப்பா இங்கேயும் அணைக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பி, உன் மாப்பிள்ளையும் வெளியே போனதும், சுவிட்ச் கீழே. சும்மா சொருகிக் கிடக்கும் என் போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கி மேசை மேல் சுருட்டி வைத்துவிடுகிறார். கேட்டால், "முந்நூத்தம்பதும்மா. ஃப்ரிட்ஜே ஒன்றரைதான். அண்ணன் அளந்து எழுதி ஒட்டியிருந்தான், நீ பாக்கலையா?" என்கிறார். வாட்டையும் யூனிட்டையும் விளக்கினேன். சமர்த்தாகத் தலையாட்டினார். நேற்று மாப்பிள்ளை மதியமே வந்து விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தால், தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது எண்பதுக்கும் கீழே. "என்ன மாமா இது?" என்றதற்கு, "சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு மாப்ள" என்றாராம்.

அவரைத் திரும்ப அழைப்பது பற்றிப் பிறகு பேசலாம். அதுவரை அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீட்டரை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பிழை அளவீட்டில் நேர்ந்தது. அப்பாவைக் குறிவைத்து நேர்ந்ததல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இத்துடன் கடிதத்தை முடித்திருக்கலாம். உன் அண்ணி விடவில்லை. "அட்டவணைய மட்டும் எழுதிட்டு நிறுத்திக்குவீங்களா? அன்னிக்கு சாப்பிடும்போது சொன்னதையும் எழுதுங்க" என்றாள். எனக்கு நினைவில்லை என்றேன். "அவருக்கு இருக்கு" என்றாள்.

எழுதுகிறேன். அட்டவணை ஒட்டிய வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், என் ஜூனியரும் ஒரு கட்சிக்காரரும் வீட்டில் சாப்பிட்டார்கள். அப்பாவும் எங்களோடு அமர்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் மெஷின். அது இரைகிற சத்தத்தில் கட்சிக்காரர் பேச்சை நிறுத்தி, என்ன அது என்று பார்த்தார். நான் சுவரைக் காட்டி, "ஊர்ல எல்லாருக்கும் காத்து இலவசம் சார். நம்ம வீட்ல மட்டும் காத்துக்கும் மீட்டர் ஓடுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உன் அண்ணி எழுந்து தண்ணீர் கொடுத்தாள்.

இங்கே, அது வெறும் நகைச்சுவை என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்தேன். வேறு மாதிரி எழுதி அதையும் அடித்தேன். அடித்த தடம் உனக்குத் தாளில் தெரியும். வேறு தாள் எடுத்துத் திருத்தமாக எழுதி அனுப்பக் கூசுகிறது.

ஒரு கேள்வி. ஏசியும் குளியலறை ஹீட்டரும் சுவரோடு இணைக்கப்பட்டவை. அவற்றை மீட்டரில் மாட்ட முடியவில்லை. ஆகவே அட்டவணையில் வரவில்லை. அப்பாவின் மெஷின் ஐந்தே கால்தான் என்றால், மீதி எங்கே போயிற்று? உத்தேசமாகவேனும் சொல்.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

கையில் மாட்டியதெல்லாம் குற்றவாளி, மாட்டாதது நிரபராதி. நல்ல விசாரணை.

உத்தேசக் கணக்குதான். பத்துக்கு ஒன்பதோ பதினொன்றோ ஆகலாம், நூறு ஆகாது. வீட்டில் உள்ள உன் ஆபீஸ் அறை ஏசி, நீ கோர்ட்டில் இருக்கும்போதும் ஓடுகிறது. கேட்டால் புழுக்கத்தில் கோப்புகள் பூசணம் பிடிக்கும் என்பாய். பகல் முழுக்க என்றால் குறைந்தது பத்து யூனிட். அப்பாவுக்கு ஆகிறதுபோல் இரண்டு மடங்கு. உன் கோப்புகள் மூச்சு விடுவதில்லை அண்ணா.

ஹீட்டர் இரண்டாயிரம் வாட். வீட்டில் இருப்பவர்கள் குளித்து முடிக்க ஒரு மணி நேரம் ஓடினாலே இரண்டு யூனிட்.

உன் கார் இந்த மீட்டரில் வராது என்பதால் கணக்கிலும் வராது என்று நினைக்காதே. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஒன்பது யூனிட்டுக்குச் சற்று மேல். கோர்ட்டுக்குப் போய் வந்து, சாயங்காலம் கட்சிக்காரரைப் பார்க்கப் போய் வர நாலு லிட்டர் குடிப்பாயா? முப்பத்தேழு யூனிட். அப்பா ஒரு வாரம் மூச்சு விடுகிற அளவு. அதில் முக்கால்வாசி வெறும் சூடாகத்தான் போகும்.

அப்பா பிடுங்கி வைக்கிற சார்ஜர், போன் இல்லாமல் வருஷம் முழுக்கச் சொருகிக் கிடந்தாலும் இரண்டு யூனிட்டைத் தாண்டாது. இதை அவரிடம் சொன்னேன். "ரெண்டும் ரெண்டுதானே" என்றார்.

பிறகு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். "அப்பா, உங்க எடை அறுபது கிலோ. உங்களை ஒரு மாடி, மூணு மீட்டர், தூக்கிக்கிட்டு ஏறினா ஆயிரத்து எண்ணூறு ஜூல். ஒரு யூனிட்ங்கறது முப்பத்தாறு லட்சம் ஜூல். அதாவது உங்களை ரெண்டாயிரம் தடவை மாடிக்குத் தூக்கலாம்." நம்மிடம் மின்சாரம் எவ்வளவு தாராளமாக இருக்கிறது, அதில் ஐந்து யூனிட் அவருக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று புரியவைக்கத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிப் பெருக்கிப் பார்த்தார். "அப்ப தினம் என்னைப் பத்தாயிரம் தடவை தூக்கற செலவா?" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பொத்தானை அழுத்தவில்லை என்று உன் முதல் கடிதத்தில் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா பக்கத்து அறையில் மெஷினை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். நான் இங்கே உட்கார்ந்து, மாட்டினான் அண்ணன் என்று வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

அப்பா கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? அவர் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர் என்பதை நாம் இருவருமே மறந்துவிட்டோம். "நீ சொல்ற கணக்கு சரியாத்தாம்மா இருக்கும். ஆனா அவன் எழுதி ஒட்டினான். எழுத்துல வந்தது எழுத்துலதான் ரத்தாகும். நீ வாயால சொன்னா ஆச்சா?"

எழுதி அனுப்பு. நீ சொன்னால் மெஷினை ஓடவிடுவார்.

தங்கை

மார்ச் 26

தங்கைக்கு,

நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன். கீழே உள்ளதை அப்பாவிடம் படித்துக் காட்டவும்.

"வீட்டில் ஒட்டப்பட்டிருந்த அட்டவணையில் அளவீட்டுப் பிழை நேர்ந்துள்ளமை கண்டறியப்பட்டது. மேற்படி அட்டவணை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. ஆக்ஸிஜன் மெஷின் குறித்து உணவருந்தும் வேளையில் சில சொற்கள் கூறப்பட்டன. அவற்றால் எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின், அது வருந்தத்தக்கது. மருத்துவ உத்தரவின்படி மெஷின் தொடர்ந்து இயக்கப்படலாம்."

இது போதுமானது என நம்புகிறேன். போதாது எனில் தெரிவிக்கவும்.

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

போதாது.

படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒரு வரிக்கு ஒரு வரி விரலை நகர்த்தி, வக்கீல்கள் கொண்டுவரும் மனுவைச் சரிபார்ப்பதுபோலப் படித்தார். 'கூறப்பட்டன' என்ற இடத்தில் விரல் நின்றது.

"யாரு கூறினது?" என்றார்.

விரல் மேல் வரிக்குத் திரும்பியது.

"ஒட்டப்பட்டிருந்த. யாரு ஒட்டினது? நேர்ந்துள்ளமை. அதுவா வந்து நேர்ந்துக்கிச்சா? ஏற்பட்டிருப்பின்னு போட்டிருக்கான் பாரு. ஏற்பட்டுச்சா இல்லையான்னு அவனுக்குத் தெரியாதாமா?" கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் பாராட்டுவதுபோலத்தான் சொன்னார். "நல்லா டிராஃப்ட் பண்றான். எங்க ஜட்ஜ் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு ஓட்டை இல்ல. உள்ள ஒரு ஆளும் இல்ல."

பிறகு தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். "இயக்கப்படலாம்னா இயக்காமலும் இருக்கலாம்" என்று சொல்லி, என் கண் எதிரிலேயே சுவிட்சை அணைத்தார். "கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்கட்டும்மா."

நான் போட்டேன். அவர் அணைத்தார். நான் மறுபடி போட்டேன். இந்த வயதில் அப்பாவோடு சுவிட்சுக்குச் சண்டை. அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவ்வளவு லேசாக இருந்தது அந்தக் கை.

லீவு போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான மெகாவாட்டை ஒரு அறையில் உட்கார்ந்து சமாளிக்கிறவள் நான். இந்த முந்நூற்று ஐம்பது வாட்டை ஓடவைக்க முடியவில்லை. லீவு முடிந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

தங்கை

ஏப்ரல் 7

தங்கைக்கு,

இத்துடன் ஒரு வாக்குமூலம் இணைத்திருக்கிறேன். எண் போடாமல் எழுதப் பார்த்தேன். எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு வாக்கியமும் ஏதாவது ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆகவே எண் போட்டேன். பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு 'ஒட்டினேன்' என்று எழுதுவதற்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. தொழிலில் ஆயிரம் பேருக்காக 'என் கட்சிக்காரர் அவ்வாறு செய்யவில்லை' என்று எழுதியவன். 'நான் செய்தேன்' என்று முடியும் வாக்கியத்துக்குக் கை பழகவில்லை.

வாக்குமூலத்துக்குச் சாட்சி வேண்டும் என்பதை அப்பா நிச்சயம் கவனிப்பார். அன்று மேசையில் இருந்தவர்களையே கேட்டேன். உன் அண்ணி உடனே பேனாவை வாங்கினாள். ஜூனியர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை; "என்ன சார் எழுதணும்?" என்று மட்டும் கேட்டார். நடந்ததை எழுதுங்கள் என்றேன். கட்சிக்காரரிடம் கொண்டுபோகத் துணிவு வரவில்லை. கார் வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்தக் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

படித்துக் காட்டாதே. அவரிடமே கொடு. அவர் படிக்கும்போது பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்காதே. எனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகக்கூடப் பார்க்காதே.

அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணா,

முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு கவனமாக நான் எந்த இயந்திரத்தையும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "டக்" என்று சுவிட்ச் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அணைத்தது டியூப்லைட்டை. "பகல்ல இது எதுக்கு எரியுது? பேனா குடு" என்றார்.

"எதுக்குப்பா?"

"சாட்சி குறையுது."

"நீங்க எப்படிப்பா போடலாம்? உங்ககிட்ட சொன்ன வாக்குமூலத்துக்கு நீங்களே சாட்சியா?"

"மேசையில நானும் இருந்தேன்ல?"

என் லீவு முடிந்து மூன்று நாள் ஆகிறது. மாப்பிள்ளை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கிறார். ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரிஜினலைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நகல் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்புகிறேன்.

தங்கை

வாக்குமூலம்

1. இதில் பேசுபவன் நான். தங்களுடைய மகன். தாங்கள் தலைமை எழுத்தராக இருந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞனாகத் தொழில் செய்பவன். இதை எவரும் என்னைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்கவில்லை. ஆனால் தாங்கள் முதல் தாளைத் திருப்பிக் கொடுத்திராவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

2. அட்டவணையை நான் எழுதினேன். நான் ஒட்டினேன். 350 என்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது தெரிந்தும் எழுதினேன். தங்கையிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

3. சரியான எண் ஐந்தே கால். ஆனால் எண் தவறு என்பதால் மட்டும் நான் இந்த அட்டவணையை ரத்து செய்யவில்லை. எண் சரியாக இருந்திருந்தாலும், அதைத் தாங்கள் தினமும் தண்ணீர் எடுக்க வரும் சுவரில் ஒட்டியது குற்றம். ஏசியை அளக்க வழி தேடவில்லை. அது என்னுடையது. தங்கள் மெஷினை முதல் நாளே அளந்தேன்.

4. "நம்ம வீட்ல மட்டும் காத்துக்கும் மீட்டர் ஓடுது" என்று நான் சொன்னேன். விருந்தாளிகள் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். தாங்களும் சிரித்தீர்கள். சொன்னது தங்களுக்குப் புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5. தாங்கள் மெஷினை அணைத்தது என் சொல்லால். குளியலறை வாசலில் விழுந்தது என் சொல்லால். 'ஏற்பட்டிருப்பின்' என்று எழுதியபோதே அது எனக்குத் தெரியும்.

6. திரும்ப வாருங்கள் என்று இதில் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. மெஷினை அணைக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். அது எங்கே ஓடினாலும் சரி.

ஒப்பம்,
மகன்

அன்று மேசையில் இருந்த சாட்சிகள்:

1. மருமகள். சிரித்தேன். பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன்.

2. ஜூனியர். சார் சிரித்ததால் சத்தமாகச் சிரித்தேன்.

3. தந்தை, தலைமை எழுத்தர் (ஓய்வு). நானும் சிரித்தேன். புரியாமல் அல்ல.